'ஒரே ஒரு வரிதான், ஒட்டிவிடுங்கள்' என்கிறார்கள். ஒட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஒரு மனநல ஆலோசனை மையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முறையாக புரோகிராமிங் படித்தவன் இல்லை, செய்து செய்து கற்றுக்கொண்டதுதான். முன்பதிவுப் படிவத்தில் பெயர், தொலைபேசி எண், 'உங்கள் பிரச்சினையைச் சுருக்கமாக எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி, இவ்வளவுதான் இருக்கிறது. இப்போது எங்கள் நிர்வாகி ஓர் இலவச சாட் பாக்ஸைச் சேர்க்கச் சொல்கிறார். ஒரே ஒரு வரி ஸ்கிரிப்ட், எல்லாப் பக்கங்களிலும் ஒட்டினால் போதும் என்கிறது அந்த நிறுவனம். பெரிய நிறுவனம்தான், நிறைய பேர் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏற்கெனவே எனக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்துவைத்த வெளி ஸ்கிரிப்டுகள் ஏழு இருக்கின்றன: எழுத்துரு, ஸ்லைடர் லைப்ரரி (படங்களை நகர்த்திக் காட்டும் தயார் நிரல்), பார்வையாளர் எண்ணிக்கைக் கணக்கு, ஹீட்மேப் (பக்கத்தில் எங்கே அழுத்துகிறார்கள் என்று காட்டுவது), ஷேர் பொத்தான்கள், வரைபடம், வீடியோ. எதை நம்புவது, எதை எடுப்பது, எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முன்பதிவுப் பக்கத்தில் அந்த சாட் பாக்ஸைப் போடாதீர்கள். நிர்வாகி இன்றைக்கே கேட்பார் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். சாட் வசதி வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

'இந்த நிறுவனத்தை நம்பலாமா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்கள் இணையதளத்தில் போட்டிருக்கும் வாக்குறுதிகளை வைத்து எடை போடவும் முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த ஸ்கிரிப்ட், அதாவது பார்வையாளரின் பிரவுசரில் ஓடும் அந்த நிரல், நாளைக்குக் கெட்டுப்போனால், இந்தப் பக்கத்தில் அதன் கைக்கு என்னவெல்லாம் சிக்கும்? இதற்கான பதில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். சிக்குவது தாங்கக்கூடியது என்றால் போடுங்கள், தாங்க முடியாதது என்றால் அந்த நிறுவனம் எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் போடக்கூடாது.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். அதில் இருப்பது நிரல் இல்லை, வெறும் முகவரி. ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது அவருடைய பிரவுசர் அந்த முகவரிக்குப் போய், அந்த நேரத்தில் அங்கே என்ன வைத்திருக்கிறார்களோ அதை வாங்கிவந்து ஓட்டுகிறது. நேற்று இருந்ததே இன்றும் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களுக்குக் கொடுத்ததையே அடுத்தவருக்கும் கொடுப்பார்கள் என்பதும் இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்பார்களே, இது அதுதான். அவர்கள் தினம் தினம் அதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கீழே கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

இன்னொரு விஷயம், நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள்கூட இதில் தவறாக நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேறு டொமைனிலிருந்து (வேறு தள முகவரியிலிருந்து) வருகிற ஸ்கிரிப்டை பிரவுசர் தள்ளியே வைத்திருக்கும், நம் பக்கத்தில் கை வைக்க விடாது என்ற நினைப்பு. அப்படி ஒரு வேலி கிடையாது. ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்று பிரவுசர் பார்ப்பதில்லை, எந்தப் பக்கத்தில் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறது. உங்கள் பக்கத்தில் ஓடினால், நீங்களே உங்கள் கையால் எழுதிய ஸ்கிரிப்டுக்கு என்ன உரிமையோ அத்தனையும் அதற்கும் உண்டு. படிவத்தில் தட்டும் எழுத்துகளைப் படிக்கலாம். பக்கத்தில் இருக்கும் வாசகங்களை மாற்றலாம், உங்கள் மையத்தின் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டு வேறு எண்ணை வைக்கலாம். போலியாக ஒரு லாகின் பெட்டியை வரைந்து காட்டலாம். சில குக்கீகளை (லாகின் போன்றவற்றை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல்களை) ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி நாம் பூட்டிவைக்க முடியும், அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்தான், ஆனால் படிக்க முடியாவிட்டாலும் லாகின் செய்திருப்பவர் பெயரிலேயே உங்கள் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் செய்து பாருங்கள், அரைமணி நேர வேலை. தளத்தின் சோதனைப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு டொமைனில் நான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் வையுங்கள், அந்தப் பிரச்சினைப் பெட்டியில் எழுத்து மாறும்போதெல்லாம் அதில் இருப்பதை கன்சோலில் (பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் செய்திகள் வரும் இடத்தில்) அச்சிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பக்கத்தில் ஒரு வரியில் அதை இணைத்துவிட்டு, நிர்வாகியைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'எனக்குத் தூக்கமே வருவதில்லை' என்று தட்டச் சொல்லுங்கள். 'எனக்கு' என்று தட்டி முடிப்பதற்குள் கன்சோலில் வரிகள் ஓட ஆரம்பித்துவிடும். எழுதியதை அவர் முழுக்க அழித்தாலும் அழிப்பதற்கு முன் இருந்தது அங்கே நிற்கும். 'அனுப்பு' பொத்தானை அவர் தொடவே இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான் எத்தனையோ கூட்டங்களில் விளக்கப்படம் போட்டுப் பேசியிருக்கிறேன், இந்த ஒன்றைக் காட்டினால் ஆகிற வேலை அவற்றால் ஆனதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவ சேவைத் தளத்தில் வேலை செய்தேன். படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக, பார்வையாளர் பக்கத்தில் செய்வதையெல்லாம் வீடியோ போலப் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அதன் பதிவுகளைப் பார்க்க எனக்கும் லாகின் கொடுத்தார்கள். முதலில் திறந்த பதிவிலேயே ஒருவர் தன் நோயைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுகிறார், நிறுத்துகிறார், அழிக்கிறார், வேறு மாதிரி எழுதுகிறார், அதையும் அழிக்கிறார், பிறகு பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார். அவர் எங்களுக்கு எதையும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்துதான் மூடியிருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் முழுசாக என் திரையில் இருந்தது, யாரோ ஒரு மூன்றாம் நிறுவனத்தின் சர்வரிலும் இருந்தது. யாரும் திருடவில்லை, எந்த ஹேக்கரும் வரவில்லை, ஸ்கிரிப்ட் தனக்குச் சொன்ன வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தது. அன்றைக்கே எடுக்க வைத்தோம், ஆனால் அதற்கு முன் எத்தனை பேர் அப்படி எழுதி அழித்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

இது ஒரு தளத்தில் நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாதிரிப் பதிவு ஸ்கிரிப்டுகளைத் தேடிப் பார்த்தபோது, அதிகம் பார்க்கப்படும் 50,000 தளங்களில் 482 தளங்களில் இவை ஓடிக்கொண்டிருந்தன. இந்தச் சேவைகளில் படிவப் பெட்டிகளை மறைக்கும் வசதி உண்டு. ஆனால் எந்தப் பெட்டியை மறைக்க வேண்டும் என்று தளக்காரர்தான் தேடித் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது, ஒன்று விட்டுப்போனால் அது பதிவாகிவிடும். உங்கள் பட்டியலில் ஹீட்மேப் என்று எழுதியிருக்கிறீர்களே, ஹீட்மேப் சேவைகளில் பல இந்தப் பதிவு வேலையையும் சேர்த்தே செய்பவை. அதன் அமைப்புகளைத் திறந்து பதிவு ஓடுகிறதா என்று பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். முன்பதிவுப் பக்கத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம்.

சரி, 'பெரிய நிறுவனம்' என்கிற வாதத்துக்கு வருவோம். 2018-இல் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் பிரிட்டன் தளத்தில் நடந்தது உங்கள் நிலைமைக்கு ரொம்ப நெருக்கமானது, ஏனென்றால் அங்கேயும் விஷயம் சாட் பாக்ஸ்தான். இன்பென்டா என்ற நிறுவனம் கொடுத்த சாட்பாட் ஸ்கிரிப்டை அவர்கள் பணம் செலுத்தும் பக்கத்திலும் போட்டிருந்தார்கள். யாரோ அந்த சாட்பாட் நிறுவனத்தின் சர்வரில் புகுந்து ஸ்கிரிப்டை மாற்றிவிட்டார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் தட்டிய அட்டை விவரம் வெளியே போனது. ஐரோப்பா முழுவதும் 94 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் சொன்னது, 2020 நவம்பரில் டிக்கெட்மாஸ்டருக்கு 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. மோசடி நடப்பதாகத் தகவல் வந்த பிறகும், பணம் செலுத்தும் பக்கத்திலிருந்து எதுவெல்லாம் வெளியே போகிறது என்று கண்காணிக்க ஆரம்பிக்கவே ஒன்பது வாரம் ஆகியிருக்கிறது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். சாட்பாட் நிறுவனம், அதைப் பணம் செலுத்தும் பக்கத்தில் போடுவது எங்களுக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம் என்றது. அபராதம் மட்டும் டிக்கெட்மாஸ்டர் தலையில் விழுந்தது. எந்தப் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்தவர் யாரோ அவர்தானே பொறுப்பு.

அதே 2018 பிப்ரவரியில் பிரவுஸ்அலவுட் என்றொரு ஸ்கிரிப்ட். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் நல்ல காரியத்துக்காக அரசுத் தளங்கள் பலவும் அதைப் போட்டிருந்தன. அந்தக் கோப்பில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் சொருகிவிட்டார்கள், ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்ட தளங்களில் வந்தவர்களின் கணினிகள் யாருக்கோ நாணயம் தோண்டிக்கொடுத்தன. அந்தத் தளங்களில் ஒன்று, மேலே சொன்ன அதே தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளம். தரவுப் பாதுகாப்பே தொழிலாக உள்ளவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஸ்கிரிப்ட் படிவங்களைப் படிக்கவில்லை, நாணயம் தோண்டியதோடு போனது. படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் எதுவும் தடுத்திருக்காது.

உடைத்து உள்ளே புக வேண்டும் என்றுகூட இல்லை, விலைக்கு வாங்கினாலே போதும். பாலிஃபில்.ஐஓ கதை இதுதான். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை ஈடுகட்டிக்கொடுக்கும் ஸ்கிரிப்ட், இலவசம், பல வருடம் ஒழுங்காக வேலை செய்தது. 2024 பிப்ரவரியில் அந்த டொமைனும் அதன் நிரலை வைத்திருந்த கிட்ஹப் கணக்கும் ஃபன்னல் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறின. அந்தத் திட்டத்தை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார், இன்றைக்கு எந்தத் தளத்துக்கும் இது தேவையில்லை, உடனே எடுத்துவிடுங்கள் என்று. பெரும்பாலானவர்கள் எடுக்கவில்லை, அந்த வரி அங்கே இருப்பதே பலருக்கு ஞாபகம் இருந்திருக்காது. ஜூன் மாதம் சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை வெளியே கொண்டுவந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் அந்த வரி இருந்தது, அவற்றுக்கு மொபைலில் வந்த சிலரை அது விளையாட்டுச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளியது கூகுள் அனலிட்டிக்ஸ் போலவே தோன்றும் ஒரு முகவரி வழியாக, பெயரில் ஆங்கில 'எல்' வரும் இடங்களில் 'ஐ' போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: தளத்தின் அட்மின் பார்க்கிறார் என்று தெரிந்தால் அந்த நிரல் சும்மா இருந்துவிடும். நீங்கள் தினமும் உங்கள் தளத்தைத் திறந்து பார்த்து 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் பார்வையாளருக்கு வருவது வேறாக இருக்கும்.

அதனால்தான் ஒருமுறை விசாரித்துவிட்டுச் சேர்ப்பது போதாது என்கிறேன். நீங்கள் சேர்த்த அன்று இருந்த நிறுவனம் இரண்டு வருடம் கழித்து அதே கையில் இருக்கிறதா என்று யாரும் உங்களுக்குக் கடிதம் போட்டுச் சொல்லமாட்டார்கள்.

இப்போது உங்கள் தளத்துக்கு வருகிறேன். முதல் வேலை, உண்மையில் என்னென்ன ஓடுகிறது என்று பார்ப்பது. ஏழு என்கிறீர்கள், ஏழாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஸ்கிரிப்ட் மட்டும் காட்டு என்று வடிகட்டிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். உங்களுடையதல்லாத டொமைன்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். இனிஷியேட்டர் என்று ஒரு பத்தி இருக்கும், இந்தக் கோப்பைக் கூப்பிட்டது யார் என்று அதில் தெரியும். நீங்கள் போட்ட ஒரு ஸ்கிரிப்ட், தான் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு வந்திருப்பதை அங்கே பார்ப்பீர்கள். ஷேர் பொத்தான்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். அட்மின் லாகின் இல்லாமல், மொபைல் பார்வையிலும், முடிந்தால் வேறு இணைப்பிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

டேக் மேனேஜர் (பல ஸ்கிரிப்டுகளை ஒரே கணக்கிலிருந்து சேர்க்கும் கருவி) ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது வெறும் ஸ்கிரிப்ட் இல்லை, ஸ்கிரிப்ட் வருவதற்கான வாசல். அந்தக் கணக்கின் லாகின் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் உங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம், வேலையை விட்டுப்போனவர்கள், முன்பு விளம்பரம் பார்த்துக்கொடுத்தவர்கள் உட்பட.

பட்டியல் கையில் வந்ததும், ஒவ்வொன்றுக்கும் நேரே 'இது இல்லாவிட்டால் வருகிறவருக்கு என்ன நஷ்டம்' என்று ஒரு வரி எழுதுங்கள். நமக்கு என்ன நஷ்டம் என்று இல்லை, வருகிறவருக்கு. ஷேர் பொத்தான்கள் இதிலேயே விழுந்துவிடும். ஆலோசனை மையத்தின் பக்கத்தை யாரும் பொத்தானை அழுத்திப் பகிரப்போவதில்லை, பகிர நினைப்பவருக்கு முகவரியை நகலெடுக்கத் தெரியும். ஆனால் பொத்தான் அங்கே இருக்கும்வரை, இன்னார் இந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற தகவல் அந்த நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் தளத்தைத் திறந்தார் என்பதே ஒரு தகவல்தான், அதுவே யாரிடமும் சொல்ல விரும்பாத தகவலாக இருக்கலாம்.

ஸ்லைடர் லைப்ரரியையும் எழுத்துருவையும் உங்கள் சர்வருக்கே கொண்டுவந்துவிடுங்கள். லைப்ரரிகளைப் பொது சிடிஎன்-இலிருந்து (பல தளங்களும் பயன்படுத்தும் கோப்புகளை வைத்திருக்கும் வெளி சர்வர்களிலிருந்து) எடுத்தால் பார்வையாளரின் பிரவுசரில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும், வேகமாக வரும் என்று ஒரு காலத்தில் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த லாபம் போய்விட்டது. 2020-இல் குரோம் 86-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள், சஃபாரி அதற்குப் பல வருடம் முன்பே பிரித்துவிட்டது. வேறு தளத்தில் இறக்கிய அதே கோப்பு உங்கள் தளத்துக்கு உதவாது, மறுபடி இறக்கத்தான் வேண்டும். எழுத்துரு என்பது ஸ்கிரிப்ட் இல்லைதான், ஆனால் வெளியிலிருந்து எடுக்கும்போது பார்வையாளரின் ஐபி முகவரி அங்கே போகிறது. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் எழுத்துருவை இப்படி வெளியிலிருந்து எடுத்த தளக்காரர் பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. எழுத்துருக் கோப்பை உங்கள் சர்வரில் வைக்க பத்து நிமிடம் போதும்.

சொந்த சர்வரில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்லமாட்டேன். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் அட்டை விவரங்கள் திருடு போனபோது, திருடியவர்கள் மாற்றியது அவர்கள் தளத்திலேயே இருந்த மாடர்னைசர் லைப்ரரியின் கோப்பை, 22 வரிதான் சேர்த்தார்கள். விவரங்கள் நிறுவனத்தின் பெயர் போலவே ஒலிக்கும் ஒரு போலி டொமைனுக்குப் போயின. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 2 கோடி பவுண்டு அபராதம். எனவே சர்வர் லாகின்களை இரட்டைச் சரிபார்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள், லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மாற்றுவது இனி உங்கள் வேலை என்பதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஏதோ காரணத்தால் ஒரு லைப்ரரியை வெளியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால் பதிப்பு எண்ணோடு எடுங்கள், இன்டெக்ரிட்டி என்ற பண்பைச் சேருங்கள். அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியீடு, அதில் இருக்கும், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது. 2016-இலிருந்து இது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக இருக்கிறது, இன்றைய பிரவுசர்கள் எல்லாம் மதிக்கின்றன. பிரவுஸ்அலவுட் ஸ்கிரிப்டுக்கு இதைப் போட்டிருந்த தளத்தில் அன்றைக்கு அந்த நாணயம் தோண்டும் நிரல் ஓடியிருக்காது. ஆனால் இது மாறாத கோப்புக்குத்தான் பொருந்தும். பாலிஃபில் சேவை, வருகிற பிரவுசரைப் பார்த்து ஆளுக்கொரு கோப்பு கொடுத்ததால் அங்கே இதைப் போடவே வழியில்லை. சாட், பார்வையாளர் கணக்கு போன்றவற்றை அந்த நிறுவனங்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஹாஷ் போட்டால் அடுத்த மாற்றத்தில் நின்றுவிடும். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்திடம் 'மாறாத பதிப்பு ஒன்று தருவீர்களா, ஹாஷ் போட்டுக்கொள்ளலாமா' என்று கேளுங்கள். முடியாது என்றால் அவர்கள் கேட்பது வெற்றுத்தாள்தான், அதை எந்தப் பக்கத்தில் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்துக்கு ஒரு படமும், அழுத்தினால் வரைபடச் செயலிக்குப் போகும் இணைப்பும் போதும். வீடியோ பரவாயில்லை, அது பெரும்பாலும் ஐஃப்ரேமில்தான் வரும். ஐஃப்ரேம் என்பது பக்கத்துக்குள் ஒரு தனிப் பக்கம், வேறு டொமைனில் இருப்பதால் உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் உங்கள் படிவத்தைப் பார்க்க முடியாது, மேலே நான் இல்லை என்று சொன்ன வேலி இங்கே உண்மையிலேயே இருக்கிறது. முன்படத்தை மட்டும் காட்டி, அழுத்தினால்தான் வீடியோ வரும்படி செய்தால் பக்கம் வேகமாகவும் இருக்கும். பார்வையாளர் கணக்கு நிர்வாகிக்குக் கட்டாயம் வேண்டியிருக்கும். சொந்த சர்வரிலேயே ஓடும் மென்பொருள்கள் இருக்கின்றன, அல்லது சர்வரின் பதிவேட்டிலிருந்தே மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எடுக்கலாம், ஒரு மையத்துக்கு அந்தக் கணக்கே போதும். எதுவானாலும் முன்பதிவுப் பக்கத்தில் வேண்டாம்.

சாட் பாக்ஸ் நிறுவனம் 'எங்களுடையதும் ஐஃப்ரேம்தான்' என்று சொல்லும். பாதி உண்மை. பேசும் பெட்டி ஐஃப்ரேமுக்குள் இருக்கும், ஆனால் அந்த ஐஃப்ரேமைத் திறந்துவைக்கும் ஸ்கிரிப்ட், அதாவது உங்களை ஒட்டச் சொன்ன அந்த ஒரு வரி, வெளியே உங்கள் பக்கத்தில்தான் ஓடுகிறது, முழு உரிமையோடு. அதனால் அந்த வரியை ஒட்டாமல், சாட்டுக்குத் தனிப் பக்கம் தருவார்களா என்று கேளுங்கள், பல சேவைகளில் இந்த வசதி உண்டு. 'எங்களோடு பேச' என்று உங்கள் தளத்தில் ஒரு சாதாரண இணைப்பு, அழுத்தினால் புதிய பக்கத்தில் சாட் திறக்கும். மூலையில் மிதக்கும் வட்டம் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே எழுதுவதெல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில் சேரும் என்பதை இணைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள், எழுதுகிறவர் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

முன்பதிவுப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: அங்கே வெளி ஸ்கிரிப்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிந்தால் அதைத் தனி சப்டொமைனுக்கு (உங்கள் தளப் பெயரின் முன்னால் வேறொரு சொல் சேர்ந்த முகவரிக்கு) மாற்றுங்கள். ஒரே டொமைனில் இருந்தால், முகப்பில் ஓடும் ஸ்கிரிப்ட் படிவப் பக்கத்தையும் எட்டிப்பிடிக்கும், தனி சப்டொமைன் என்றால் பிரவுசர் நடுவில் நிற்கும். பக்கம் முழுசாகப் புதுப்பிக்கப்படாமலே அடுத்த பகுதிக்கு நழுவும் வகையில் உங்கள் தளம் கட்டப்பட்டிருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அப்படிப்பட்ட தளத்தில் முகப்பில் ஏறிய ஸ்கிரிப்ட் படிவம் வரை கூடவே வரும். அதன் பிறகும் முகப்பில் ஒரு ஸ்கிரிப்ட் கெட்டுப்போனால் 'முன்பதிவு செய்ய' என்ற பொத்தானின் முகவரியை மாற்றிவிட முடியும். அதனால் முகப்பிலும் குறைவாக வையுங்கள் என்பேன், ஆனால் முதலில் படிவம்.

படிவப் பக்கத்துக்கு சர்வரிலிருந்து சிஎஸ்பி (உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை) என்ற தலைப்புவரியையும் அனுப்புங்கள். ஸ்கிரிப்ட் எங்கிருந்து வரலாம், தகவல் எங்கே போகலாம், படிவம் யாருக்குப் போகலாம் என்பதை எல்லாம் 'இந்தத் தளம் மட்டும்' என்று அதில் கட்டிவிடலாம். எடுத்தவுடன் போட்டால் ஏதாவது உடையும், அதனால் முதலில் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கே தெரியாத இரண்டு மூன்று பேர் அதில் வெளியே வருவார்கள். அப்புறம் தடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஒரு நிறுவனத்தின் டொமைனை நீங்களே அனுமதித்துவிட்டால் அங்கிருந்து வரும் கெட்ட ஸ்கிரிப்டையும் சிஎஸ்பி அனுமதிக்கும். அது உங்கள் முடிவைக் காவல் காக்கும், உங்களுக்குப் பதிலாக முடிவு எடுக்காது.

நிர்வாகி 'எல்லோரும்தானே போட்டிருக்கிறார்கள்' என்பார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கட்டண அட்டைகளுக்கான பிசிஐ பாதுகாப்பு விதிகளில், பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல் வேண்டும், அது ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் வேண்டும், அனுமதி கொடுத்திருக்க வேண்டும், மாறாமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஒரு அட்டை எண்ணுக்கு இவ்வளவு. அட்டை திருடு போனால் ரத்து செய்துவிட்டு வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் படிவத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எழுதும் அந்த மூன்று வரியை எப்படி ரத்து செய்வது?

கடைசியாக ஹீட்மேப். ஸ்கிரிப்டை எடுத்தால் புதிதாகப் பதிவாவது நிற்கும், இதுவரை பதிவானது அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கின் லாகினைத் தேடிப்பிடித்து உள்ளே போங்கள். பதிவுகள் இருந்தால் ஒன்றையும் திறந்து பார்க்காமல் எல்லாவற்றையும் அழியுங்கள், பிறகு கணக்கை மூடுங்கள், அழித்துவிட்டதை உறுதிசெய்து அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிவையுங்கள். படிவத்தில் எழுதியவை அதில் பதிவாகியிருந்தது உறுதியானால் நிர்வாகியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எழுதியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை அவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். லாகின் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாவிட்டால், தளத்தின் உரிமையாளர் என்ற முறையில் அந்த நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள்.